ஆர்மோனியத்துக்கு நாக்கு வெட்டிய கதை

ஒரு கோயில் கமிட்டி முழுவதும் மண்டபத் தரையில் முட்டி போட்டுத் தவழ்வதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். நானும்தான் தவழ்ந்தேன்.

தேடியது ஒரு பித்தளைத் துணுக்கை. அகலம் தீக்குச்சி அளவு, நீளம் சுண்டுவிரலில் பாதி, கனம் என்று ஒன்று இருப்பதாகவே தெரியாது. எங்கள் எஸ்டேட் மாரியம்மன் கோயில் ஆர்மோனியத்துக்குள் இருந்து நான் கழற்றி எடுத்த உடைந்த நாக்கு அது. காற்று பட்டால் துடித்துச் சத்தம் கொடுக்கும் ரீட்டை நாங்கள் நாக்கு என்றுதான் சொல்வோம். எல்லாரும் பார்க்கட்டும் என்று கைக்கு அகப்பட்ட ஒரு தட்டில் அதை வைத்தேன். அது விபூதித் தட்டு. பேச்சு சூடானது, கைகள் வீசின, யாரோ தும்மினார்கள். திரும்பிப் பார்த்தால் நாக்கைக் காணோம்.

“யாரும் நடக்காதீங்கலா! மிதிச்சீங்கன்னா அவ்வளவுதான்!” என்று கத்தினார் கோயில் தலைவர் பெருமாள்.

பாய்க்கு அடியில் தேடினோம். பூக்கூடையில் தேடினோம். கடைசியில் என் மனைவி தனம் எழுந்து நின்று, “தலைவரே, கொஞ்சம் குனிங்க” என்றாள்.

பெருமாள் குனிந்தார். அவர் நெற்றியில் மூன்று விபூதிக் கோடுகளுக்கு நடுவே எங்கள் பித்தளை மின்னிக்கொண்டிருந்தது. கோபத்தில் ஒரு கை விபூதியை அள்ளிப் பூசியிருக்கிறார் மனுஷன், நாக்கோடு சேர்த்து. அதைப் பிய்த்தெடுக்கத் தனத்தின் கைப்பையிலிருந்து புருவம் பிடுங்கும் சாமணம் வரவேண்டியிருந்தது.

போன வாரம் இந்தப் பத்தியில் கொழுந்து வாட்டும் கூடத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, ‘தேயிலை பேக்டரியில் மெஷின் பிட்டராக இருந்தவருக்கு இவ்வளவு தமிழா’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஐயா, தமிழ் கிடக்கட்டும். பிட்டராக இருந்ததால்தான் இந்த நாக்கு விவகாரம் என் தலையில் விழுந்தது. மெல்லிய தகட்டைச் சுத்தமாக வெட்டுவது என்றால் என்னவென்று அதுவரை எனக்குத் தெரியாது. தெரியும் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன்.

எங்கள் விக்கல்

எங்கள் கோயில் ஆர்மோனியம் ஒரே வரிசை நாக்கு உள்ள மலிவுப் பெட்டி. அதில் மேலே ஒரு கட்டை ஊமை. அழுத்தினால் காற்று மட்டும் போகும். நான் தனத்தைக் கட்டிக்கொண்டு இந்த எஸ்டேட்டுக்கு வந்தபோதே அது ஊமைதான்.

ஊமையான இடம் சாதாரண இடமில்லை. எங்கள் பஜனைப் பாட்டு எல்லாமே மெல்ல மெல்ல ஏறி, அந்த ஒரு சுரத்தில்தான் உச்சியைத் தொடும். பெட்டியைக் கேட்டுத்தான் எங்கள் ஆட்கள் பாட்டுப் படித்தார்கள். உச்சிக்கு வந்ததும் பெட்டி வாயை மூடும். ஆகவே பாடுகிறவர்களும் வாயை மூடி, எச்சிலை ஒரு முறை விழுங்கி, பிறகு மேலே தொடர்வார்கள். அம்மா பிள்ளைக்கு அப்படியே சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பிள்ளை தன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது. எஸ்டேட் முழுவதும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் விக்கும்.

இதில் வேடிக்கை, எங்களுக்கு அது குறையென்றே தெரியாது. மற்ற எஸ்டேட்காரர்கள் மூச்சு விடாமல் கத்துகிறார்கள், பக்தியே இல்லை என்று நாங்கள்தான் அவர்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஒரு வருஷம் எஸ்டேட்டுகளுக்கிடையே நடந்த பஜனைப் போட்டியில் நடுவர் ஒருவர் மைக்கைப் பிடித்து, “இந்தக் குழுவில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தொண்டைக் கோளாறா?” என்று கேட்டார். மண்டபம் சிரித்துத் தீர்த்தது. எங்களுக்கு மூஞ்சி தொங்கிப்போனது.

பெருமாள் மறுநாளே அறிவித்துவிட்டார். அடுத்த போட்டிக்குள் பெட்டி சரியாக வேண்டும். திரும்பவும் ஒருவன் சிரித்தால் பெட்டி பழைய இரும்புக் கடைக்குப் போகும், கீபோர்டு வரும். கீபோர்டு வாசிக்க அவர் மருமகன் சுரேஷ் தயாராக இருந்தான்.

மணியம் மச்சான்

பெட்டி போனால் யாருக்கு நட்டம் என்று கேட்டால், ஒரே ஒரு ஆளுக்குத்தான். பெட்டி வாசிக்கும் மணியம். தனத்தின் அண்ணன், எனக்கு மச்சான்.

மச்சான் பேக்டரியில் தூள் சலிக்கும் பகுதியில் வேலை. வாரம் முழுக்க மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு சலிக்கும் மெஷின் பக்கத்தில் நிற்பார். மனைவி இறந்துபோன பிறகு அந்தத் துணியை அவிழ்த்தாலும் பேச்சு வராது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் குளித்து, வேட்டி கட்டி, குத்துவிளக்குக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்து உட்காருவார். அந்த இடம் அவருடையது. அதில் உட்காரும்போது மட்டும் அவர் முகத்தில் ஓர் ஆள் குடியிருப்பது தெரியும்.

பெருமாள் கீபோர்டு என்று சொன்ன அன்று தனம் சோறு வடிக்காமல் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த இடமும் போச்சுன்னா எங்கண்ணன் எங்கங்க போய் உக்காருவாரு?”

தனம் கலங்கினால் நான் வாயைக் கொடுத்துவிடுவேன், அது என் பிறவிக்குணம். “நாக்குத்தானே? நான் வெட்டித் தர்றேன்” என்றேன்.

கடையில் வாங்கினால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்டுப் பார்த்தோம். எங்கள் பெட்டியில் நாக்கு உட்காரும் பள்ளம் மற்ற பெட்டிகளைவிட ஒரு மயிரிழை அகலம். கடை நாக்கைப் போட்டால் ஓரத்தில் காற்று ஒழுகி ஆடு கத்துகிற மாதிரி சத்தம் வந்தது.

பெருமாளின் கண்

இப்போது அந்தக் கமிட்டிக் கூட்டத்துக்குத் திரும்பி வருகிறேன். நெற்றியிலிருந்து நாக்கை மீட்ட பிறகு, புதியதை எப்படி வெட்டுவது என்று விவாதம்.

தகடு என்னிடம் இருந்தது. மெஷினில் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே இடைவெளியைச் சரிக்கட்ட ஷிம் என்று மெல்லிய பித்தளைத் தகடு வைப்போம். வெங்காயத் தோல் மாதிரி இருக்கும். அதைத் தகரக் கத்தரியால் வெட்டிப் பார்த்திருந்தேன். வெட்ட வெட்டச் சுருண்டு முறுக்காகிவிட்டது. தட்டி நிமிர்த்தினால் விறைப்பு போய்விடும். நாக்குக்கு விறைப்புத்தானே உயிர்.

மேல் டிவிஷன் ராசம்மா தேயிலைச் செடியை நிரை கட்டிக் கவாத்து வெட்டுகிறவர். “கத்திய நல்லா தீட்டிக்கிட்டு வெட்டணும்லா. நீங்க வெட்டத் தெரியாம வெட்டியிருப்பீங்க” என்றார்.

லெம்பா பெர்த்தாமில் தோட்டம் போட்டிருக்கும் ஒருவர், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி இரும்பையே வெட்டுவதை போனில் பார்த்ததாகச் சொன்னார். “வேணாம்பா. அங்க வந்த தண்ணியே போதும்” என்று பக்கத்தில் இருந்தவர் அடக்கினார். வெள்ளச் சேறு புகுந்த வீட்டுக்காரர் அவர்.

திராவகத்தில் அரிக்கவைத்து வெட்டும் முறையும் உண்டு என்று நான் ஆரம்பித்தேன். திராவகம் பட்ட சாமான் அம்மன் முன்னால் வரக்கூடாது என்று பூசாரி எழுந்தே நின்றுவிட்டார்.

பெருமாள் தொண்டையைச் செருமினார். “லேசர்” என்றார்.

எல்லாரும் அவரைப் பார்த்தோம்.

“எனக்கு கண்ணு ஆப்ரேசன் எதுல செஞ்சாங்க? லேசர்லதான். ஒரு பொட்டு வலிக்கல. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கோழிக்கறி சாப்பிட்டேன். கண்ணையே வெட்டுது, பித்தளைய வெட்டாதா?”

அதற்கு மேல் யார் வாயைத் திறப்பது? கண்ணைக் காட்டிப் பேசுகிற ஆளிடம் தகட்டைக் காட்டிப் பேச முடியாது. கை தூக்கச் சொன்னார்கள், தூக்கினோம். லேசர் வென்றது.

ஒரு பிஸ்கட் டின் நிறைய

ஈப்போவில் லேசர் வைத்திருந்த சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, வீட்டு கேட்டுக்கும் கடைப் பலகைக்கும் தகடு வெட்டுகிறவர். என் ஷிம் தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மலாயில் சொன்னார்: இவ்வளவு மெல்லிசில் சூடு பட்டால் நெளியும், ஓரத்தில் பிசிறு கட்டும், வேண்டாம்.

“கமிட்டி முடிவு பண்ணிட்டாங்க தவுக்கே” என்றேன்.

கமிட்டி என்ற சொல் அவருக்கும் புரிந்தது. அவரும் ஏதோ ஒரு சீனக் கோயில் கமிட்டியில் இருக்கிறாராம். பரிதாபமாகத் தலையாட்டினார். மெஷினை ஒரு நாக்குக்காக ஓட்ட முடியாது என்று தகடு முழுவதையும் நாக்காகவே வெட்டி, ஒரு பிஸ்கட் டின் நிறையக் கொட்டிக் கொடுத்தார்.

அவர் சொன்னதுதான் நடந்தது. ஒவ்வொன்றும் லேசாக நெளிந்து, ஓரத்தில் மணி மணியாக உருகிய பிசிறு. பிசிறைத் தேய்த்தால் அகலம் குறைந்தது. தேய்க்காவிட்டால் பள்ளத்தில் இடித்தது. டின்னில் பாதியைச் சோதித்தேன். ஆடு கத்தியது, கொசு பறந்தது, ஒன்று பெருமாள் குறட்டை மாதிரியே இருந்தது. மீதியை ராசம்மா வாங்கிப்போய் நூலில் கோத்துத் தக்காளிக் கொடியில் கட்டினார். குருவி வரவில்லையாம். லேசரால் ஒருத்தருக்காவது பலன்.

பெருமாள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “அவன் வேற லேசர் வச்சிருப்பான்” என்று சொல்லிவிட்டார்.

இட்லி மாவு டப்பா

பூசாரி கண்ணில் படாமல் திராவகத்தையும் ஒரு கை பார்த்தேன். தகட்டில் நாக்கின் உருவத்தை நகப்பாலிஷால் வரைந்து, பின்பக்கம் முழுக்கப் பூசி, எலக்ட்ரானிக் கடையில் விற்கும், தகட்டை அரிக்கும் மருந்தில் போட்டால், பாலிஷ் படாத இடத்தை மட்டும் மருந்து தின்றுவிடும். தள்ளுவதில்லை, இழுப்பதில்லை, சூடும் இல்லை. கேட்க நன்றாக இருக்கிறதல்லவா?

மருந்தை ஊற்றக் கண்ணாடிப் பாத்திரமோ பிளாஸ்டிக்கோ வேண்டும். சமையலறையில் ஒரு நல்ல டப்பா இருந்தது. அது தனத்தின் இட்லி மாவு டப்பா என்பது எனக்குத் தெரியும். கழுவி வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்த மருந்தின் பழுப்பு நிறம் எந்தச் சோப்புக்கும் மசியாது என்பது தெரியாது.

நாக்கு என்னவோ நெளியாமல் தட்டையாகத்தான் வந்தது. ஆனால் மருந்து பாலிஷுக்கு அடியிலும் புகுந்து ஓரத்தை எலி கடித்த மாதிரி ஆக்கியிருந்தது. என் கை வரைந்த கோடு எவ்வளவு நேர் என்பதும் தெரிந்துபோனது. பெட்டியில் மாட்டினால் சத்தம் வந்தது, சளி பிடித்த சத்தம்.

தனம் டப்பாவைப் பார்த்தாள். கழுவுதொட்டியில் இருந்த கறையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“போட்டிக்கு இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கு” என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெற்றிலை அடுக்கு

வெட்கத்தை விட்டுத் தவுக்கேவுக்கு போன் போட்டேன். அவர் சிரிக்கவில்லை. தன் மச்சான் பிளாஸ்டிக் அச்சு செய்யும் பட்டறை வைத்திருப்பதாகவும், அங்கே வயர்-கட் மெஷின் இருப்பதாகவும் சொன்னார். அந்தப் பட்டறை மச்சானுக்கு வேலை நெருக்கடி, போட்டி நடக்கும் அந்தச் சனிக்கிழமை காலையில்தான் மெஷின் காலியாக இருக்குமாம்.

நானும் மணியம் மச்சானும் விடியலிலேயே காடியில், அதாவது காரில், கிளம்பினோம். பெட்டியைப் பின்னால் வைக்க அவர் சம்மதிக்கவில்லை. மடியில் வைத்து, அதன் மேல் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். மலை வளைவில் இரண்டு முறை வாந்தி எடுத்தார். இரண்டு முறையும் பெட்டியை என் மடியில் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினார்.

வயர்-கட் என்பது தலைமயிர் போல ஒரு கம்பி. தண்ணீருக்குள் அது தகட்டைத் தொடாமலே பக்கத்தில் போகும். நடுவில் சின்னச் சின்னப் பொறி பறக்கும், பொறி பட்ட இடம் கரையும். அமுக்கம் இல்லை. சூடும் தகட்டுக்குள் பரவுவதில்லை. மெதுவாகத்தான் போகும், சாமி ஊர்வலம் மாதிரி. ஆனால் தகடு இவ்வளவு மெல்லிசாக இருந்தால் தண்ணீரிலேயே ஆடுமே என்று கேட்டேன். பட்டறைக்காரர் என் தகடுகளை அடுக்கி, மேலும் கீழும் கனமான இரும்புப் பட்டையை வைத்து இறுக்கினார். வெற்றிலையை அடுக்கி ஒன்றாகக் காம்பு கிள்ளுவோமே, அதே வேலை. இவ்வளவு மாதம் நான் ஒற்றைத் தகட்டோடு மல்லுக்கட்டியிருந்தேன்.

வெட்டி எடுத்த நாக்கு பள்ளத்தில் உரசாமல் உட்கார்ந்தது. சுற்றிலும் ஒரு மயிரிழை இடம். அடியில் ஆணி அடித்து இறுக்கினேன். மச்சான் துருத்தியை அசைத்துக் கேட்பார், “இன்னும் மேல போகணும் மாப்ள” என்பார், நான் நுனியைச் சுரண்டுவேன். “ஏறிடுச்சு” என்பார், அடியைச் சுரண்டுவேன். கடைசியில் அவர் தலையை மட்டும் ஆட்டினார். கட்டையை அழுத்தியபடியே இருந்தார். பட்டறையில் இரும்பு அறைபடும் சத்தத்துக்கு நடுவே அந்தச் சுரம் நின்று ஒலித்தது.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அந்தக் கட்டையின் மேல்பூச்சு மற்ற கட்டைகளைப் போலவே விரல் பட்டுத் தேய்ந்திருந்தது.

“சத்தமே வராத கட்டைய எதுக்கு மச்சான் அமுக்கிக்கிட்டு இருந்தீங்க?”

“பாட்டுல அது இருக்கே மாப்ள. சத்தம் வரலேன்னு விட்டுற முடியுமா?”

இத்தனை வருஷம் ஒவ்வொரு வெள்ளியும் அவர் அழுத்தியிருக்கிறார். நாங்கள் எச்சில் விழுங்கியிருக்கிறோம். எனக்கு அழுகை வந்தது. பட்டறைத் தூசு என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன். லேசர் தவுக்கேயும் பட்டறைக்காரரும் கூலிக்குப் பதில் எங்கள் எஸ்டேட் தேயிலைத் தூள்தான் வேண்டும் என்றார்கள்.

உச்சி

திரும்பும்போது கியா பார்ம் நெரிசலில் மாட்டிக்கொண்டோம். பள்ளி விடுமுறை. சமவெளி ஜனம் முழுவதும் ஸ்ட்ராபெரி வாங்க மலையேறியிருந்தது. காடி நகரவே இல்லை. ஒத்திகை பார்க்கலாம் என்றிருந்த நேரமெல்லாம் அந்த ரோட்டிலேயே போனது. போட்டி நடந்த ரிங்லெட் மண்டபத்தில் எங்கள் குழுவைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். தனம் வாசலிலேயே நின்றிருந்தாள்.

“வருதா?”

“வருது.”

நேராக மேடைக்கு ஓடினோம். தனம் எடுத்துக் கொடுக்க, பாட்டு ஏறத் தொடங்கியது. உச்சிக்கு வந்தது. பல வருஷப் பழக்கம் தொண்டைக்குள் இருக்கிறது, அதற்கு நாக்கு மாற்றியது எப்படித் தெரியும்? எல்லாரும் சேர்ந்து வாயை மூடினோம். எச்சிலை விழுங்கினோம்.

அந்த வெற்றிடத்தில் பெட்டி மட்டும் தனியாகப் பாடியது.

டோலக்குக்காரன் பயந்து கையை எடுத்துவிட்டான். அடுத்த முறை பாடிவிட வேண்டும் என்று தனம் எங்களைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். அடுத்த முறை அவளே விக்கினாள். திரும்பவும் பெட்டி தனியாக. மண்டபத்தில் சிரிப்பு கிளம்பியது. மச்சான் கண்ணை மூடியிருந்தார், அவர் எதையும் கேட்கவில்லை, அந்தச் சுரத்தைத் தவிர.

பரிசு இல்லை. திரும்பி வரும் வேனில் பெருமாள் முன் சீட்டிலிருந்து திரும்பாமலே சொன்னார்: “சிரிச்சாங்கதானே? சொன்னா சொன்னதுதான். வர்ற வெள்ளி கீபோர்டு.”

வெள்ளிக்கிழமை குத்துவிளக்குக்குப் பக்கத்தில் சுரேஷ் கீபோர்டோடு உட்கார்ந்திருந்தான். நல்ல பையன், நன்றாகத்தான் வாசித்தான். பெட்டி உறையோடு மூலையில் இருந்தது. மச்சான் ஆண்கள் வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டிருந்தார். வேட்டி மடிப்புக் கலையாமல் இருந்தது.

பாட்டு ஏறியது. உச்சியில் எல்லாரும் நிறுத்தினோம். கீபோர்டு ஒலித்தது, குற்றம் சொல்ல முடியாத சத்தம். யாரும் கீபோர்டைப் பார்க்கவில்லை. ஒருவர் விடாமல் தூண் பக்கம் திரும்பியிருந்தோம்.

மச்சானின் வலது கை அவர் தொடை மேல் இருந்தது. ஒரு விரல் வேட்டியை அழுத்திக்கொண்டிருந்தது.

தனம் அதற்கு மேல் பாடவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொருவராக நிறுத்த, டோலக்கும் நின்றது.

பெருமாள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல விபூதித் தட்டை இழுத்து, இந்த முறை உள்ளே ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு, நெற்றியில் பூசிக்கொண்டார்.

“சுரேசு, அந்த சுவிட்ச ஆப் பண்ணுப்பா” என்றார். “மணியம், என்னலா அங்க போய் உக்காந்திருக்க? இங்க வா.”

மச்சான் வந்து உட்கார்ந்தார். உறையைக் கழற்றினார். தனம் முதலிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பாட்டு ஏறியது, ஏறியது, உச்சிக்கு வந்தது.

எல்லாரையும் முந்திக்கொண்டு பெருமாள்தான் வாயை மூடினார்.